கைத்தொழிற் பகுதி: பழைய ஜீப்பின் இரு பெட்டிகளைப் பிரிக்கும் முறை

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை தையற்பொறி, நீரேற்றும் மோட்டார், மிதிவண்டி ஆகியவற்றைப் பற்றியனவாக இருக்கும். சென்ற திங்கள் பிரேசர் டவுனிலிருந்து நம் சங்க உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதமோ சற்று வேறானது. ஒரு பழைய ஜீப் வண்டியைப் பற்றியும், அதனால் ஒரு குடும்பத்தில் எழுந்துள்ள கருத்து வேற்றுமையைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். இத்தகைய நிலை நம்மவர் பலருடைய வீடுகளிலும் உண்டு. ஆதலின் விடையை அவருக்குத் தனியே எழுதாமல் எல்லாரும் அறிய ஈண்டு எழுதுகின்றோம்.

கடிதத்தின் சுருக்கம் இது. அன்பருடைய தந்தையார் வட ஆர்க்காட்டிலிருந்து இளம் வயதில் பெங்களூர்க் கண்டோன்மென்டுக்கு வந்து, பட்டறைகளில் வேலை பார்த்துப் பின் தாமே தொழில் நடத்தியவர். ஏலத்தில் எடுத்த ஒரு ஜீப்பைச் சீர்செய்து, அதைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் மறைந்தபின் வண்டி கொல்லையில் தார்ப்பாயின் கீழ் நிற்கின்றது. ஓட்டினால் இருக்கைகளின் அடியிலிருந்து ஓலமிடுவது போன்ற ஓசை வருகின்றது, எண்ணெயும் சொட்டுகின்றது. பார்த்த பட்டறைக்காரர் ஒருவர், சட்டத்தை வெட்டி வேறொரு வண்டியின் கியர் பெட்டியைப் பொருத்தலாம் என்றார். மற்றொருவர் இரும்பு விலைக்குக் கேட்டார். மூத்த அண்ணன் விற்றுப் பணத்தைப் பங்கிடலாம் என்கின்றார். தாயார், “உங்கள் அப்பா வண்டி, இருக்கட்டும்” என்கின்றார். அன்பருடைய பதினேழு வயது மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயில்கின்றான். “நானே இறக்கிப் பிரிக்கின்றேன், தாத்தாவின் நோட்டு இருக்கின்றதே” என்று அவன் ஜாக்கியோடு நிற்கின்றான்.

அந்த நோட்டில் பெட்டியை இறக்கும் முறை தமிழில் வரிசையாக எழுதப்பட்டுள்ளதாம். யாவும் ஒருவாறு விளங்குகின்றன. ஒரு வரி மட்டும் விளங்கவில்லை. “கம்பி கட்டாமல் தட்டாதே” என்பதே அவ்வரி. எந்தக் கம்பி, எங்கே கட்டுவது, ஏன் கட்டுவது என்று கேட்டுள்ளார்.

நாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடு எழுதிப் பிழைப்பவர். பானா பிடித்துப் பிழைப்பவர் அல்லோம். ஆயினும் இவ்வண்டிக்கென அமெரிக்க இராணுவமும் வில்லிஸ் நிறுவனமும் அச்சிட்ட கையேடுகள் இன்றும் கிடைக்கின்றன. சிவாஜி நகர்ப் பகுதியில் வயது முதிர்ந்த மெக்கானிக்குகள் சிலரும் இருக்கின்றனர். இருவகையாரையும் கேட்டுத் தெளிந்தவற்றையே கூறுகின்றோம்.

முதற்கண் இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டியொன்றை விரைந்து செய்து தருமாறு தொழிற்சாலைகளைக் கேட்டது. அமெரிக்கன் பான்டம் என்னும் சிறு நிறுவனம் காரல் புரோப்ஸ்ட் என்னும் பொறியியலாளரைக் கொண்டு முதல் மாதிரி வண்டியைச் செய்து, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் இராணுவத்திடம் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ் நிறுவனமும் போர்டு நிறுவனமும் போர்க்காலத்தில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. இராணுவ ஏடுகளில் அதன் பெயர் ஜீப் அன்று. ‘கால் டன் டிரக்கு’ என்பதே. உருவத்தில் சிறிதெனினும் அது டிரக்கு இனத்தைச் சேர்ந்ததே.

நம் நாட்டில் 1945-இல் தொடங்கிய மகிந்திரா அண்டு முகமது நிறுவனம், 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிற்று. முதற் பெயரிலிருந்த மாலிக் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பின் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். பம்பாயில் தங்கிய நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை முதலில் உதிரிகளாக வரவழைத்துப் பூட்டியும், பின்னர் உரிமம் பெற்று இங்கேயே செய்தும் விற்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப்பை மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரிலோ இராணுவப் பாசறைகள் மிகுதி. இராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்துச் சீர்செய்து ஓட்டுவது இங்கு பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக இருந்தது.

இனி, பெட்டிகள் ஏன் இரண்டு என்பதைக் கூறுவோம். சாதாரணக் காரில் எஞ்சினுக்குப் பின் ஒரு கியர் பெட்டியே உண்டு. ஜீப்பில் கியர் பெட்டியின் முதுகோடு மற்றொரு பெட்டி ஒட்டியிருக்கும். அதற்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். எஞ்சினின் விசை முதற் பெட்டியிலிருந்து இரண்டாம் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து முன் அச்சுக்கு ஒரு நீள் தண்டின் வழியாகவும், பின் அச்சுக்கு மற்றொரு நீள் தண்டின் வழியாகவும் செல்கின்றது. முன் அச்சை இணைக்க ஒரு கைப்பிடியும், வேகத்தைக் குறைத்து இழுவிசையை மிகுதிப்படுத்த மற்றொரு கைப்பிடியும் உண்டு. போர்க்கால வண்டியில் அக்குறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிற்கால வண்டிகளில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

முன் அச்சை இணைக்காமல் இழுவை கியரைப் போட முடியாதபடி உள்ளே ஒரு சிறு பூட்டுத் துண்டு தடுக்கும். மிகுந்த இழுவிசை முழுதும் பின் அச்சு ஒன்றின்மேல் விழுந்தால் அது முறிந்துவிடும் என்பதே காரணம். நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச்சாலையில் போடலாகாது என்று பெரியவர்கள் கூறுவதற்கும் காரணம் உண்டு. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் ஓடும் தொலைவு வேறு. பின் சக்கரங்கள் ஓடும் தொலைவு வேறு. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமின்மையால் அந்த முறுக்கு முழுதும் பெட்டியின் பற்சக்கரங்களைத் தாக்கும். பழைய ஜீப்புகளில் இப்பெட்டி ஓலமிடுவதற்கு இத்தகைய பயன்பாடும் ஒரு காரணம்.

இழுக்கும் ஓசை எப்பெட்டியினுடையது என்பதைக் கழற்றுமுன் அறிதல் வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இவ்வண்டிகளின் கியர் பெட்டியில் மூன்றாம் கியர் நேர் கியர். அதாவது விசை துணைப் பற்சக்கரங்களின் வழியே சுற்றிச் செல்லாமல் நேரே பின்செல்லும். ஆகவே ஒன்றிலும் இரண்டிலும் கேட்கும் ஓலம் மூன்றாம் கியரில் அடங்கினால் குற்றம் பெரும்பாலும் முதற் பெட்டியில் இருக்கும். மூன்றாம் கியரிலும் தொடர்ந்தால் டிரான்ஸ்பர் கேஸை ஐயுறலாம். அப்பெட்டியில் எந்நிலையிலும் விசை பற்சக்கரங்களின் வழியாகவே செல்கின்றது. அதில் நேர்வழி இல்லை. மூன்றாம் கியரிலும் ஓசை அடங்கவில்லை என்று அன்பர் எழுதியிருப்பதால் இரண்டாம் பெட்டியைத் திறந்து பார்ப்பது பொருத்தமே.

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகின்றோம். அன்பர் வேறெதை மறந்தாலும் இதை மறத்தலாகாது. இந்த ஜீப்பின் கைப்பிரேக்கு பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், நீள் தண்டு தொடங்கும் இடத்தில் ஓர் உருளையின்மேல் அது பிடிக்கின்றது. நீள் தண்டு பூட்டியிருக்கும்வரையில் தண்டின் வழியே சக்கரங்களை அது நிறுத்தி வைக்கும். தண்டைக் கழற்றிய அந்த நொடியிலேயே கைப்பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். கைப்பிடி முழுதும் இழுத்தபடியே இருக்கும். ஆனால் வண்டி உருளும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான். அப்போது வண்டியின் அடியில் படுத்திருப்பவன் தண்டைக் கழற்றிய அந்தப் பையனே அல்லவா?

இருப்புப்பாதையில் நிறுத்தி வைக்கும் பெட்டிகளை அவற்றின் பிரேக்கை மட்டும் நம்பி விடுவதில்லை. சக்கரத்தின் கீழ் மரக்கட்டைகளை இடுவர், சங்கிலியிட்டுப் பூட்டுவர். சமதரையெனக் கண்ணுக்குத் தோன்றும் இடத்திலும் பெட்டி உருளும் என்பது அத்துறையில் அனைவரும் அறிந்தது. பெங்களூர் மேடும் பள்ளமுமான ஊர். ஆகவே தண்டில் கைவைக்குமுன் நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை இடுக. வண்டியைத் தூக்கினால் சட்டத்தின் அடியில் உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்துக. ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லையும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லையும் முட்டாக வைப்பவர்கள் உண்டு; அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கி நழுவி உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகளை நாளேடுகளில் நாம் படித்துத்தான் வருகின்றோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி வண்டியின் அடிக்கும் பொருந்தும்.

அடுத்தது எஞ்சினைத் தாங்குதல். எஞ்சின் முன்புறம் இரண்டு ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்துள்ளது. அதன் பின்பாரத்தைத் தாங்குவது கியர் பெட்டியின் அடியிலுள்ள குறுக்குச் சட்டம். அச்சட்டத்தைக் கழற்றினால் எஞ்சினின் பின்பகுதி கீழே சாயும். எனவே எண்ணெய்த் தொட்டியின் அடியில் அகன்ற மரப்பலகையை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்ட பின்னரே குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளைத் தொடுதல் வேண்டும். பலகையின்றி ஜாக்கியை நேரே வைத்தால் தொட்டி நசுங்கும்.

இரண்டாம் பெட்டியை மட்டும் வண்டியில் வைத்தபடியே கழற்றலாம். கையேட்டில் அம்முறையும் உண்டு. ஆயினும் முதன்முறை செய்வோர் இரு பெட்டிகளையும் ஒன்றாக இறக்கித் தரையில் வைத்துப் பிரிப்பதே நலம் என்பது நம் கருத்து. மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒட்டிப் பிடித்திருக்கும் வார்ப்பிரும்புப் பெட்டியை அசைத்து எடுக்கையில், அது விடுபடும் நேரம் நம் கையில் இல்லை. விடுபடும்போது அதன் கீழ் இருப்பது மார்பும் முகமும் ஆகும்.

இறக்கும் வரிசை பின்வருமாறு.

முதலில் இரு பெட்டிகளின் வடிகால் திருகுகளையும் திறந்து எண்ணெயை வடித்தல் வேண்டும். ஒன்றை மட்டும் வடித்தல் போதாது. இரண்டுக்கும் தனித்தனி வடிகால் உண்டு. வடித்த எண்ணெயை வெண்ணிறத் தட்டில் ஊற்றிப் பார்க்க. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. பொன்னிறத் துகள் மின்னினால் வெண்கல வளையங்கள் தேய்ந்துள்ளன. ஊசிபோன்ற சிறு எஃகு உருளைகள் கிடைத்தால் ஊசிப் பேரிங் சிதைந்துவிட்டது. உறுப்புகளைக் கழற்றுமுன்னரே பாதி நோயை இந்த எண்ணெய் கூறிவிடும்.

பின்னர் தரைத் தகட்டை எடுத்து, கியர்க் கைப்பிடிகளைக் கழற்றுக. முன் பின் நீள் தண்டுகளை டிரான்ஸ்பர் கேஸின் பக்கத்தில் விடுவித்துக் கம்பியால் ஒருபுறம் கட்டி வைக்க. தண்டின் முனையிலுள்ள ஜாயின்டு கிராஸின் கிண்ணங்கள் உதிர்ந்துவிடாதபடி துணியோ நாடாவோ சுற்றுக. வேகமானியின் கேபிள், கைப்பிரேக்கின் கேபிள், கிளட்ச் இணைப்பு ஆகியவற்றை விடுவிக்க. எஞ்சினுக்குத் தாங்கல் கொடுத்து, பெட்டிகளின் அடியில் உருளும் ஜாக்கியை வைத்துச் சங்கிலியால் பிணைத்தபின், குறுக்குச் சட்டத்தையும் கிளட்ச் உறையோடு இணைக்கும் போல்ட்டுகளையும் கழற்றிப் பெட்டிகளை நேர் பின்னோக்கி இழுத்து, பின் தாழ்த்துக. இழுக்கும்போது பெட்டியின் பாரம் கிளட்சின் நடுத்துளையில் தொங்கலாகாது. தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். இவ்வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் வேலையை மறுநாளைக்கு ஒத்திவைப்பதே அறிவுடைமை.

இப்போது இரு பெட்டிகளும் தரையில் உள்ளன. இவற்றைப் பிரிப்பதில்தான் தாத்தாவின் கம்பிக்கு வேலை வருகின்றது.

வெளியே தெரியும் போல்ட்டுகளைக் கழற்றியவுடன் பெட்டிகள் பிரிந்துவிடும் என்று பலரும் நினைப்பர். பிரியா. ஏனெனில் முதற் பெட்டியின் முதன்மைத் தண்டு அப்பெட்டியோடு முடிவதில்லை. அது பின்சுவரைக் கடந்து இரண்டாம் பெட்டிக்குள் நீண்டு, அங்கே ஒரு பற்சக்கரத்தைத் தாங்கி நிற்கின்றது. அப்பற்சக்கரத்தை ஒரு நட்டு இறுக்கிப் பிடித்துள்ளது. நட்டு சுழன்று விடாதபடி ஒரு காட்டர் பின் குறுக்கே செல்கின்றது. தண்டைத் தாங்கும் பேரிங்கோ இரு பெட்டிகளின் சுவர்களிலும் ஒருங்கே அமர்ந்துள்ளது. ஆகவே இவை போல்ட்டால் மட்டும் ஒட்டியவை அல்ல. தண்டாலும் பேரிங்காலும் பிணைந்தவை. இதை அறியாதார் இடுக்கில் உளியைச் செருகி நெம்புவர். வார்ப்பிரும்பின் முகம் சிதையும். பின் எத்தனை பேக்கிங் வைத்தாலும் எண்ணெய் ஒழுகும். சில வேளைகளில் பெட்டியின் காதே உடைந்துபோகும்.

செய்யவேண்டிய முறை இது. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்திலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் தண்டின் முனையும் நட்டும் தெரியும். காட்டர் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டையும் வாஷரையும் கழற்றுக. பற்சக்கரம் கையோடு வந்தால் வெளியே எடுத்துவிடலாம். வாராவிடில் புல்லர் கொண்டு இழுக்கலாம். அதற்கும் இணங்காவிடில் தண்டின் முனையைத் தட்டி விடுவிக்கவேண்டும். இங்கேதான் ஆபத்து.

தண்டின் முனையைத் தட்டும்போதும், பெட்டிகளை இழுத்துப் பிரிக்கும்போதும் தண்டு தன் இடத்தை விட்டு நகரப் பார்க்கும். அது பின்னோக்கி வந்துவிட்டால், அதன்மேல் கோத்திருக்கும் சின்க்ரோ வளையங்களும் சிறு தகடுகளும் முதற் பெட்டியின் அடியில் உதிர்ந்து விழும். பழுதில்லாத முதற் பெட்டியையும் அப்போது முழுதும் பிரித்துப் பூட்ட நேரும். ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். கூலிக்குச் செய்பவனுக்கோ ஒரு வார வருவாய் போகும்.

இதைத் தடுப்பதற்கே கம்பி. தட்டுவதற்கு முன் முதற் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றுக. உள்ளே தண்டின்மேல் இரண்டாம் வேகப் பற்சக்கரம் தெரியும். அதற்கு நேர் பின்னால் தண்டைச் சுற்றி உறுதியான இரும்புக் கம்பியொன்றை வளைத்து முறுக்குக. கம்பியின் ஒரு முனையை மேல்மூடியின் முன்புற வலத்திருகிலும், மறுமுனையை முன்புற இடத்திருகிலும் கட்டி இறுக்குக. கம்பி தண்டை முன்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பின்னர் இணைப்புப் போல்ட்டுகளை எண்ணிக் கழற்றி, இரண்டாம் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, தண்டின் முனையில் பித்தளைத் துண்டை வைத்து மெல்லத் தட்டுக. இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் நட்டு ஏறும் மறை நசுங்கிவிடும். பற்சக்கரம் தளர்ந்தவுடன் பெட்டிகள் நேராகப் பிரியும். பிரியும்போது நடுவிலுள்ள பேரிங் எப்பக்கம் செல்கின்றது என்று கவனித்து, சாய்ந்து இறுகாமல் இரு கைகளாலும் சமமாக இழுக்க.

“கம்பி கட்டாமல் தட்டாதே” என்னும் வரியின் பொருள் இதுவே. வில்லிஸ் கையேட்டிலும் இம்முறையே கூறப்பட்டுள்ளது. ஆங்கிலக் கையேட்டில் பத்து வரிகளில் உள்ளதை அப்பெரியவர் மூன்று சொற்களில் அடக்கிவிட்டார். அவர் அதைக் கையேட்டில் கற்றாரா, தம் ஆசானிடம் கேட்டறிந்தாரா என்பது நமக்குத் தெரியாது. பட்டறையில் கற்றவர்கள் காரணத்தை எழுதி வைப்பதில்லை. செய்யும் முறையையே எழுதி வைப்பர். காரணத்தை அறிந்த கடைசி மனிதர் போய்விட்டால் எஞ்சிய வரி புதிராகிவிடுகின்றது.

பிரித்த பெட்டியில் காண வேண்டியவை சில. நடுப் பற்சக்கரமும் அது சுழலும் தண்டுமே இப்பெட்டியில் முதலில் தேய்வன. பின்புறமுள்ள சிறு பூட்டுத் தகட்டை எடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்றினால், பற்சக்கரம் ஊசிப் பேரிங்குகளுடனும் இருபுற வெண்கல வாஷர்களுடனும் கீழிறங்கும். தண்டில் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க. பள்ளம் தட்டினால் தண்டை மாற்றுக. போர்க்கால வண்டியில் தண்டின் பருமன் முக்கால் அங்குலம். பிற்காலத்தில் அது பெரிதாக்கப்பட்டது. எனவே பழைய தண்டைக் கையில் எடுத்துச்சென்று அளந்து வாங்குதல் வேண்டும். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கலாகாது. சிவாஜி நகர் குஜிரியிலும் ஜே.சி. ரோட்டுக் கடைகளிலும் தேடலாம். முன் தண்டின் மூடியில் கைப்பிடிக் கோல்களைக் கழற்றும்போது, நாம் முன்னர்க் கூறிய பூட்டுத் துண்டும் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் துள்ளி ஓடும். கையைப் பொத்தி எடுத்து ஒரு தட்டில் வைக்க. அத்துண்டைத் தொலைத்துவிட்டு அஃதின்றியே பூட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றின் பின் அச்சு முறியும்போது காரணம் எவர்க்கும் விளங்குவதில்லை.

பூட்டும்போது கழற்றிய வரிசையைத் தலைகீழாகக் கொள்க. புதிய பேக்கிங், புதிய ஆயில் சீல், புதிய காட்டர் பின் இடுக. கம்பியை அவிழ்த்து எடுத்த பின்னரே மேல்மூடியை மூடுக. உள்ளே மறந்து விடலாகாது. எண்ணெய் இரு பெட்டிகளுக்கும் உள்ளே ஊடாடுமெனினும், ஒன்றில் ஊற்றினால் மற்றொன்று தானே நிரம்பும் என்று எண்ணற்க. இரண்டிலும் தனித்தனியே நிரப்பும் துளையின் விளிம்புவரையில் ஊற்றுக. வண்டியில் ஏற்றுமுன் எல்லாக் கியர்களையும் கையால் போட்டுச் சுழற்றிப் பார்க்க.

வெளிப்பூச்சைக் கண்டு வண்டியை எடைபோடுவதன் விளைவுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1948-இல் இராணுவத்துக்கெனப் புதுப்பிக்கப்பட்ட பழைய ஜீப்புகளை வாங்க இலண்டனில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்படா எனக் கூறப்பட்டுப் பாராளுமன்றத்தில் பெரும் பூசல் எழுந்தது. பழைய வண்டியை வாங்குவோரும் விற்போரும் பெட்டியைத் திறந்து பார்த்தே விலை பேசவேண்டும்.

இனி, அண்ணன் தம்பி வழக்கு. சட்டத்தை வெட்டி வேறு பெட்டி பொருத்தும் யோசனையை நாம் ஏற்கவில்லை. மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள இருசக்கர வண்டிகளும், ஆட்கள் செல்லும் நான்கு சக்கர வண்டிகளும் அவ்விதியின்கீழ்ப் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், வாடகைக்கு ஓட்டலாகாது. சட்டத்தை வெட்டினால் இத்தகுதி போய்விடும். தேய்ந்த பற்சக்கரத்தையும் தண்டையும் மாற்றினால் வண்டியின் மூல வடிவம் கெடுவதில்லை. வண்டியின் ஏடுகளைச் சட்டமறிந்த ஒருவரிடமோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ காட்டி, இவ்வகையில் அது சேருமா என்று முதலில் கேட்டறிக.

மூத்தவர் கூறுவதும் முற்றிலும் தவறன்று. பணமுடை உள்ள வீட்டில் ஓடாத வண்டியை ஆண்டுக்கணக்கில் மழைக்கும் துருவுக்கும் கொடுப்பது தந்தையை மதித்தல் ஆகாது. இரும்பு விலைக்குக் கொடுப்பதும் விரைவு. ஆகவே பெட்டியைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்தவற்றின் பட்டியலையும் விலையையும் ஒரு தாளில் எழுதி, தாயார் முன்னிலையில் இருவரும் அமர்ந்து பேசுக. விற்பதே முடிவாயினும் ஓடும் வண்டியின் விலை வேறு. குப்பையின் விலை வேறு. அந்த வேறுபாடும் சகோதரர் இருவருக்கும் உரியதே.

பையன் செய்யலாமா என்பது கடைசிக் கேள்வி. செய்யலாம், செய்யவேண்டும். ஆனால் தனியே செய்யலாகாது. சிவாஜி நகரிலோ காக்ஸ் டவுனிலோ இவ்வேலை பார்த்த பெரியவர் ஒருவரை, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, இரண்டு நாள் அருகில் இருத்துக. கட்டைகளையும் தாங்கிகளையும் அவர் கைவைத்து அசைத்துப் பார்த்து “சரி” என்று கூறிய பின்னரே பையன் அடியில் செல்லவேண்டும். தந்தையாகிய அன்பரும் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருக்கவேண்டும். பிரிக்கும் நாளில் பையன் தாத்தாவின் நோட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியின் எதிரிலும் காரணத்தை எழுதி வரட்டும்.

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய நோட்டுகள் இருக்கக்கூடும். லேத்து வேலை, கொல்லு வேலை, மின்வேலை, மேசன் வேலை செய்தவர்கள் எழுதி வைத்தவை பெட்டிகளின் அடியில் கிடக்கலாம். விளங்காத வரி எதுவாயினும் படியெடுத்து இப்பகுதிக்கு அனுப்புக. தொழில் அறிந்த பெரியவர்கள் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு மாலைகளில் கூடுகின்றனர். அவர்களிடம் கேட்டு விடை எழுதுவோம். பிரேசர் டவுன் அன்பர், பெட்டியைத் திறந்தபின் தண்டின் நிலையை நமக்கு எழுத வேண்டுகின்றோம்.